நம் ஊரைப் பேசும் வானொலி

மலேசியாவின் கோல சிலாங்கூரைச் சுற்றி சுங்கை செம்பிலாங், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று விரிந்த தோட்டப்புறத்தில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பால்மரம் சீவிய தலைமுறைக்கு நாளிதழ் எட்டாக்கனியாக இருந்தது. வாங்கக் காசும் வாசிக்கப் படிப்பும் வேண்டும். வானொலிக்குக் காது இருந்தால் போதும். 1946 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து தொடங்கிய ரேடியோ மலாயா, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பேசியது. 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்ததும், மக்கள் கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாயாதிருக்க, அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தமிழை வளர்ப்பது அதன் நோக்கமே அல்ல. ஆனாலும் ஒரு மொழியில் நாள்தோறும் ஒலிபரப்ப வேண்டுமானால் செய்தி எழுதவும் வாசிக்கவும் நாடகம் நடிக்கவும் பாடவும் அந்த மொழியில் ஆள் வேண்டும். அப்படி உருவான உள்ளூர்க் கலைஞர்களும் எழுத்தாளர்களும்தாம் அரசாங்கத்தின் கருவியை மக்களின் சொத்தாக மாற்றினார்கள். ரேடியோ ஆறு என்று அறியப்பட்டு, 2005இல் மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறிய நிலையம் அந்த உழைப்பின் வாரிசு.

தொலைக்காட்சியின் கதை வேறு. 1963 டிசம்பர் 28ஆம் தேதி மலேசியாவில் தொலைக்காட்சி வந்தபோது தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அதிலும் பெரும்பங்கைச் சென்னைப் படங்கள் நிரப்பின. காரணம் செலவு. வானொலி நாடகத்துக்கு நல்ல எழுத்தும் நாலைந்து குரல்களும் போதும். தொலைக்காட்சி நாடகத்துக்கு அரங்கம், கேமரா, விளக்கு எல்லாம் வேண்டும். முடிந்த படத்தை விலைக்கு வாங்குவது எளிது. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் சேவை தொடங்கி, வானவில் முதலிய அலைவரிசைகள் வந்த பிறகு நாள் முழுதும் தமிழ் கேட்கிறது. பிறகென்ன குறை என்று சிலர் கேட்கலாம். சென்னைத் தொடர் நமக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் அது சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு உதவிக்கு மனுச் செய்வதைப் பற்றிப் பேசாது, எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு வழி சொல்லாது, தஞ்சோங் காராங்கில் வெள்ளம் ஏறினால் எச்சரிக்காது. ஆகவே ஒலிபரப்பின் வளர்ச்சியை மணிக்கணக்கில் அளப்பது போதாது. அதில் எவ்வளவு இந்த மண்ணில் எழுதப்பட்டது என்பதே சரியான அளவுகோல்.

மலேசியாவில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறார்கள், இவ்வளவு சிறிய கூட்டத்துக்குச் சொந்தத் தயாரிப்பு கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி. மங்கோலியாவைப் பாருங்கள். அந்நாட்டின் மக்கள்தொகை இன்றும் சுமார் 35 லட்சம்தான். அங்கே 1934இலேயே வானொலியும் 1967இல் தொலைக்காட்சியும் மங்கோலிய மொழியில் தொடங்கிவிட்டன. அவர்களுக்குத் தனி அரசு உண்டு, நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மலேசியாவில் சுமார் 20 லட்சம் இந்தியர் வாழ்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். எண்ணிக்கை சிறியது என்பதை மட்டும் காட்டி இந்த வாதத்தை முடித்துவிட முடியாது.

கைப்பேசி யுகத்தில் வானொலி எதற்கு என்பது இளையோரின் கேள்வி. கைப்பேசி அவரவர் விருப்பத்தை அவரவருக்குத் தருகிறது. ஊருக்குப் பொதுவானதைத் தருவது குறைவு. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, லயத்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு, ஒரே கோயில் திடலில் கூடியவர்களை ஒரே நேரத்தில் ஒரே செய்தியால் இணைக்கும் வலிமை ஒலிபரப்புக்கு இன்னும் இருக்கிறது. நிகழ்ச்சிகள் கைப்பேசிக்கும் போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கருவியில் கேட்டாலும், செய்தியைச் சரிபார்க்க ஒரு செய்தியாளரும் நாடகம் எழுத ஓர் எழுத்தாளரும் ஊதியத்தோடு வேலையில் இருந்தாக வேண்டும்.

எனவே மின்னல், ராகா வானொலிகள், வானவில் தொலைக்காட்சி ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் உள்ளூர் நாடகத்துக்கும் வட்டாரச் செய்திக்கும் நிலையான நேரம் ஒதுக்க வேண்டும். நேயர்களும் பாட்டு கேட்க மட்டும் நிலையத்தை அழைக்காமல், தங்கள் ஊர்ச் செய்தி எங்கே என்று கேட்க வேண்டும். கேட்கிறவர் இருந்தால்தான் எழுதுகிறவர் வருவார்.