பிரிவுக்கு எத்தனை மாதம்?

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு செல்லும் சாலையில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றோடு வடமாநிலங்களுக்குச் செல்வோர் வீடு திரும்பப் பல மாதங்களாகும். வளைகுடாவுக்குச் சென்றோருக்கோ ஈராண்டுக்கு ஒருமுறை விடுமுறை கிடைப்பதே பெரிது.

'ஆண் தாங்கமாட்டான், பெண் பொறுத்துக்கொள்வாள்' என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இது எவ்வளவு தூரம் உண்மை?

கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவில் நகர்வலம் வருகையில், போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏக்கத்தோடு பாடுவதைக் கேட்டார்கள். இறையச்சமே தன்னைக் காப்பதாக அப்பெண் பாடினாள். கலீஃபா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனின்றி ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என வினவினார்கள். மகளார் நாணத்தால் தலைகுனிந்தார்கள். உண்மையைக் கூற இறைவன் நாணுவதில்லை என்று தந்தை எடுத்துரைக்க, கையால் சைகை காட்டினார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அதற்குமேல் வீரர்களைப் போர்முனையில் நிறுத்தலாகாது எனக் கட்டளை பிறந்தது. தந்தை மகளிடம் இதைக் கேட்ட துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு!

மனைவியை நெருங்கேன் எனச் சத்தியம் செய்வோருக்குத் திருமறை (2:226) விதிக்கும் கெடுவும் நான்கு மாதமே. அறியாமைக் காலத்தில் ஓராண்டு, ஈராண்டு எனப் பெண்ணை அந்தரத்தில் விட்ட வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது.

ஆணின் நிலையையும் மார்க்கம் மறைக்கவில்லை. மணம் முடிக்க வசதியற்ற இளைஞர்களை நோன்பு நோற்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களே வேட்கையை அடிக்கடி உணர்வதாக இக்கால ஆய்வுகளும் பொதுவாகக் கூறுகின்றன. அது சராசரிதான், பெண்களுக்குள்ளேயே வேறுபாடு மிகுதி. மேலும், ஆண் தன் ஏக்கத்தை நண்பனிடம் சொல்லிவிடுவான். மாமியார் வீட்டில் இருப்பவள் யாரிடம் சொல்வாள்? அவளுடைய மௌனத்தையே நாம் பொறுமையென்று எண்ணிவிடுகிறோம்.

நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் இல்லறக் கடமையைக் கணவன் நிறைவேற்றாவிடில், மனைவி நீதிமன்றத்தை அணுக வழி செய்கிறது. மனைவி மனமொப்பினால் கணவன் கூடுதல் காலம் வெளியூரில் தங்கலாம் என்பர் மார்க்க அறிஞர். ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்திடும் முன் அந்தச் சம்மதத்தை அவளிடம் வாய்திறந்து கேட்டீர்களா?