மூட்டையைக் குத்திப் பார்க்கிறோம், வீட்டை?

ஒரு மூட்டை பருப்பு வாங்கினாலும் குத்தூசி போட்டுப் பார்க்கும் நாம், புது வீட்டில் டைல்ஸின் பளபளப்பில் மயங்கிவிடுகிறோம்.

தூத்துக்குடியில் வீடு வாங்கி நாம் பட்ட பாடு இது. கூடுதல் பணம் அலமாரிக்குப் போனது. முதல் மழையில் மாடி ஒழுகியது. பேச்சோ வாய்ப்பேச்சு!

அலமாரி, பெயின்ட் பிறகும் செய்யலாம். சுவருக்குள் போகும் வயர், குழாய், தளத்தின் நீர்க்காப்புக்கே முதலில் பணம் கொடுங்கள். கூடுதல் வேலை ஒவ்வொன்றையும் விலையோடு எழுதி வாங்குங்கள்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் பதிவான திட்டமா என்றும் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு உண்டு.

கடைக்குப் பில் கேட்பவர் வீட்டுக்கும் கேட்கட்டும்.