கெல்ட் என்று யார் சொல்லிக்கொள்ளலாம்?

கால்பந்து பார்க்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'செல்டிக்' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குழுவின் பெயர் அது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கூடைப்பந்துக் குழுவும் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. மொழி ஆராய்ச்சியாளர்கள் அதே எழுத்துக்களைக் 'கெல்டிக்' என்று படிக்கிறார்கள். எப்படிப் படித்தாலும் சொல் ஒன்றுதான்.

'நாங்கள் கெல்டுகள்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, பிரான்சின் பிரிட்டனி ஆகிய இடங்களில் இருக்கிறார்கள். அங்கிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போய்க் குடியேறியவர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. அப்படியானால் அந்தப் பெயருக்கு என்ன பொருள்? மாநிலத்துக்கு வெளியே பிள்ளை குட்டிகளை வளர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இது யாரோ ஒருவருடைய கேள்வி அல்ல. அதனால்தான் இந்த மலருக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

பெயர் வந்த கதை

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள், தங்களுக்கு வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த மக்களைக் 'கெல்டோய்' என்று குறித்தார்கள். பின்னால் வந்த ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்சின் நடுப்பகுதி மக்கள் தங்கள் மொழியில் தங்களை அப்படி அழைத்துக்கொள்வதாகவும், ரோமானியர் அவர்களைக் 'கால்' மக்கள் என்பதாகவும் எழுதி வைத்தார். இவர்களில் ஒரு கிளை இன்றைய துருக்கியின் அங்காரா பக்கம் வரை போய்க் குடியேறியது. கிறிஸ்தவ வேதத்தில் வரும் கலாத்தியர் என்ற பெயர் அந்தக் கிளையிலிருந்து வந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகளில் வாழ்ந்தவர்களைப் பழைய கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் இந்தப் பெயரால் அழைக்கவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அந்த மக்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. வேல்ஸ் மக்கள் தங்களைக் 'கம்ரி' என்பார்கள். நம்மவர், ஒரே நாட்டார் என்பது அதன் பொருள். 'வெல்ஷ்' என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். அதன் பழைய பொருள் அந்நியர்! சொந்த மண்ணில் இருந்தவனை வந்தவன் அந்நியன் என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேல்ஸ் பாட்டியிடம் போய், "நீங்க கெல்ட்தானே?" என்று கேட்டிருந்தால், "யாரைக் கேக்கறே?" என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பாள்.

அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு இப்பெயர் எப்போது ஒட்டியது? 1707-இல். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் லூய்ட், வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கார்ன்வால், பிரிட்டனி என்று நான்கு வருஷம் அலைந்து சொற்களைச் சேகரித்தார். இந்த மொழிகள் ஒரு குடும்பம் என்று காட்டி அந்த ஆண்டில் நூல் வெளியிட்டார். வேல்ஸ் மொழியில் மகன் 'மாப்'. ஐரிஷில் 'மாக்'. (ஸ்காட்லாந்துக்காரர் பெயர்களில் முன்னால் வரும் 'மாக்' இதுதான்.) தலைக்கு ஒன்றில் 'பென்', மற்றதில் 'கியான்'. ஒரு மொழியில் பகரம் வருமிடத்தில் மற்றதில் ககரம் வருகிறது. பெங்களூரில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் பால் அங்கே ஹாலு, நம் புலி அங்கே ஹுலி. இப்படி ஒழுங்காக வரும் மாற்றம்தான் உறவுக்குச் சாட்சி. அந்தக் குடும்பத்துக்குத்தான் 'கெல்டிக்' என்ற பழைய பெயர் எடுத்துச் சூட்டப்பட்டது.

அதே 1707-இல்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்து 'பிரிட்டன்' ஆயின. எல்லோரும் பிரிட்டானியர் என்று ஆனபோது, ஆங்கிலேயர் அல்லாதவர்களுக்குத் தங்களைத் தனித்துச் சொல்ல ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. லூய்ட் வைத்த மொழிப்பெயர் கைக்கு வாகாகக் கிடைத்தது.

இந்தக் கதையை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதே வேலையைத்தான் நம் மொழிகளுக்குச் செய்தார். அவருக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816-இல், எல்லிஸ் இந்த உறவைக் கண்டு சொல்லியிருந்தார். கால்டுவெல் வடமொழி நூல்களில் இருந்த ஒரு சொல்லை எடுத்து மொழிக் குடும்பத்துக்குப் பெயராக வைத்தார். அவர் பிறந்தது அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், படித்தது கிளாஸ்கோவில் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டு பெயர்களுமே முதலில் மொழிக்கு வைத்தவை. பிறகு இரண்டுமே மொழியிலிருந்து தாவி மனிதர்களின் மேல் ஏறிக்கொண்டன.

ஒரு எச்சரிக்கை. ஒலி ஒற்றுமையைப் பார்த்து உடனே உறவு கொண்டாடுவது நம் மலர்க் கட்டுரைகளில் உள்ள பழக்கம். கெல்டிக் மொழிகள் தமிழுக்கு உறவு அல்ல. அவை இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஐரிஷில் அரசனுக்கு 'ரீ' என்பார்கள், அது வடமொழி 'ராஜன்' என்பதற்குத் தூரத்துச் சகோதரன். அந்த வகையில் ஐரிஷ் மொழி நமக்கு எட்டம், இந்திக்கும் வங்காளிக்கும்தான் சொந்தம்!

ரத்தமா, உடையா?

சரி, ரத்தத்தை வைத்துச் சொல்லலாமா என்றால், அதுவும் கைகொடுக்கவில்லை. பிரிட்டன் முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட கிராமப்புறத்தாரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2015-இல் வெளிவந்தது. கெல்டுகள் என்று ஒரே மரபணுக் கூட்டம் எதுவும் அதில் தென்படவில்லை. கார்ன்வால்காரர்களும் வேல்ஸ்காரர்களும் ஒருவருக்கொருவர் வேறுபட்டே இருந்தார்கள்.

உடை, சடங்கு இவற்றில் தேடினால் சிரிப்புத்தான் வரும். குலத்துக்கு ஒரு கட்டம் போட்ட துணி என்ற ஸ்காட்லாந்து வழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த கோலாகலம் அதற்கு ஒரு பெரிய காரணம். வேல்ஸ் கவிஞர் பேரவையின் கல்வட்டச் சடங்கு பழங்காலத்து ட்ரூயிட் பூசாரிகளின் வழக்கம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அதைக் கற்பித்தவர் அயோலோ மார்கானுக் என்ற புனைபெயர் கொண்ட ஒரு கல்தச்சர். பழைய கவிதைகள் என்று தானே எழுதிக் கலந்துவிட்ட கெட்டிக்காரர். முதல் சடங்கு நடந்த இடம் எது தெரியுமா? வேல்ஸ் அல்ல. 1792-இல், லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில்! ஊரை விட்டு வந்தவர்கள் நடுவில்தான் அது பிறந்தது. லண்டனில் வேல்ஸ்காரர்களின் சங்கங்கள் அதற்கு முன்பே, 1751 முதலே இருந்தன. ஊரில் இருப்பவனுக்கு ஊர் தானாக இருக்கிறது. வெளியூர்க்காரன்தான் அதை உட்கார்ந்து கட்ட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து, சைமன் ஜேம்ஸ் என்ற தொல்லியலாளர் 1999-இல், தீவுக் கெல்டுகள் என்பதே நவீன காலத்துக் கற்பனை என்ற பொருள்பட ஒரு புத்தகம் எழுதினார். பலருக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? சரித்திரக் கணக்கில் அவர் சொன்னதில் பெரும்பகுதி நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

கழுத்தில் தொங்கிய கட்டை

19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் பள்ளிக்கூடங்கள் பலவற்றில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். வேறு பிள்ளை பேசி மாட்டிக்கொண்டால் அது அவன் கழுத்துக்குப் போகும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிரிட்டனியில் பிரெத்தோன் மொழி பேசிய பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஒரு அடையாளம் மாட்டினார்கள். அயர்லாந்தில், ஐரிஷ் பேசும்போதெல்லாம் ஒரு குச்சியில் கீறல் போட்டு, கீறலை எண்ணி அடித்தார்கள்.

இந்த மக்களுக்குள் பொதுவானது ரத்தம் அல்ல, இதுதான். ஒரே குடும்பத்து மொழிகள், அவற்றைப் பேசியதற்காகப் பட்ட ஒரே வகை அவமானம். 1961-இல் தோன்றிய கெல்டிக் லீக் என்ற அமைப்பு மொழியையே அளவுகோலாக வைத்தது. ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக், மாங்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் என்ற ஆறு மொழிகளின் நாடுகளே அதில் உண்டு. ஸ்பெயினின் கலீசியா மக்களும் தாங்கள் கெல்டுகள் என்கிறார்கள், பைக்குழல்கூட வாசிக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது போர்ச்சுகீசிய மொழிக்கு நெருங்கிய மொழி என்பதால் சேர்க்கவில்லை.

இந்த அளவுகோலைக் கறாராகப் பிடித்தால் ஆள் கொஞ்சம்தான் தேறும். அயர்லாந்தில் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 மட்டுமே. வேல்ஸில் 2021-இல் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். மற்றவர்கள் எல்லாம் வெறும் பெயரைச் சுமப்பவர்களா? அப்படித் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. அதற்கு மான் தீவு ஒரு காரணம்.

அந்தத் தீவின் மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மாட்ரெல் என்ற மீனவர். 1974-இல் காலமானார். அவர் குரல் இன்று நமக்குக் கிடைக்கிறதென்றால், அயர்லாந்து செய்த உதவியும் அதற்குக் காரணம். 1947-இல் தீவுக்குப் போன ஐரிஷ் பிரதமர் டி வலேரா, அந்த மொழியின் நிலையைக் கண்டார். மறு வருஷமே அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் ஆள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, முதியவர்களின் பேச்சைப் பதிந்தார். தீவுக்காரர்கள் சிலர் அந்த முதியவர்களிடம் போய் உட்கார்ந்து கற்றார்கள். 2001-இல் முழுக்க மாங்க்ஸிலேயே கற்பிக்கும் தொடக்கப்பள்ளி திறந்தது. 2009-இல் யுனெஸ்கோ இம்மொழியை அழிந்த மொழிப் பட்டியலில் சேர்த்தபோது, அப்பள்ளிப் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். எங்கள் மொழி அழிந்துவிட்டது என்றால் நாங்கள் எழுதும் இது எந்த மொழி என்று கேட்டார்கள், மாங்க்ஸிலேயே! யுனெஸ்கோ திருத்திக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, மொழியை மீட்டவர்கள் மொழியை இழந்த தலைமுறைக்காரர்கள். அவர்களிடம் மிச்சம் இருந்தது பெயர் மட்டும்தான். பக்கத்து நாட்டார் உதவிக்கு வந்ததும் 'நம்ம மொழிக்குச் சொந்தம்' என்ற உணர்வால்தான். கற்பனை என்று ஒதுக்கப்பட்ட சொல் காரியம் செய்திருக்கிறது.

வெளியூர் போனவர்கள் கதையும் ஒன்று உண்டு. 1865-இல் சுமார் 150 வேல்ஸ் மக்கள், ஆங்கிலத்தின் நிழல் படாத இடத்தில் தங்கள் மொழியில் வாழ வேண்டும் என்று 'மிமோசா' என்ற கப்பலில் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவுக்குப் போனார்கள். இன்று அவர்கள் சந்ததியில் சிலர் ஸ்பானிஷோடு வெல்ஷும் பேசுகிறார்கள். 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்கள் போய்க் கற்பிக்கிறார்கள். ஆங்கிலம் அறியாத பட்டகோனியாக்காரரும் ஸ்பானிஷ் அறியாத வேல்ஸ்காரரும் சந்தித்தால் பேசிக்கொள்ள வெல்ஷ் ஒன்றுதான் உண்டு.

எனக்குத் தோன்றுவது இதுதான். மொழி இல்லாத பெயர் பொய் அல்ல, அது ஒரு கடன்சீட்டு. தாத்தா பாட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம், திருவிழா நாளில் எடுத்துக் காட்டலாம். அடைக்கவும் செய்யலாம். நான் இந்த ஊருக்கு வந்து 38 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் காதோடு சரி, கண்ணுக்கு எட்டவில்லை. "பேர்தான் தமிழு, ஒரு எழுத்து தெரியாது" என்று பெரியவர்கள் அவர்கள் காதுபடவே அலுத்துக்கொள்கிறோம். அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். பெயர் இன்னும் கையில் இருக்கிறது. வாரம் ஒரு பக்கம் சேர்ந்து படித்தாலும் வட்டி கட்டிய மாதிரிதான்.