நூலகத்துக்காக யார் பேசுவது? 5 பைசா கேரளாவும் 10 பைசா தமிழ்நாடும்

நாகர்கோவிலில் ரயிலேறி தம்பானூரில் இறங்கினால், பாளையம் ஆட்டோவில் போகும் தூரம்தான். 1829-ல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கேரள நூலகங்களின் உண்மையான பலம் கிராமத்து வாசகசாலைகள். அரசிடம் நிதி கேட்க அவற்றுக்குச் சொந்தமாக ஒரு குரல் இருக்கிறது. அது எப்படி வந்தது?

தொடங்கியது யார்?

பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர். 1926-ல் சொந்த ஊரான நீலம்பேரூரில் ஒரு நூலகம் ஆரம்பித்தார். தனித்தனியாகப் போய்க் கேட்டால் அரசு காது கொடுக்காது என்பது அவருக்குப் புரிந்தது. 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை உருவாக்கினார். அப்போது கன்னியாகுமரியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. பின்னாளில் இந்த இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ அங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

1977-ல் சங்கத்தின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1989-ல் வந்த கேரள பொது நூலகச் சட்டம் அதை மறுபடியும் தேர்தல் வழிக்குக் கொண்டுவந்தது. இந்தச் சட்டத்தில் இரண்டு வருமான வழிகள் உண்டு:

• கட்டட வரியில் ரூபாய்க்கு 5 பைசா நூலக வரி.
• மாநில பட்ஜெட்டில் கல்விக்கு ஒதுக்கும் தொகையில் குறைந்தது 1 சதவீதம்.

சரி, இதுல என்ன விசேஷம்?

பணத்தைக் கேட்பவர்கள் யார் என்பதுதான் விசேஷம். இணைக்கப்பட்ட நூலகங்களின் பிரதிநிதிகளிலிருந்து தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக கவுன்சில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு கவுன்சில் தலைவர் அமைச்சரைப் பார்க்கப் போனால், அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ஊர்களின் வாசகர்கள் நிற்கிறார்கள். ஓட்டு கேட்டு ஊருக்குள் வரும் எந்தக் கட்சியும் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. தேர்தல் என்றால் கட்சி அரசியலும் கூடவே உள்ளே வரும்.

தமிழ்நாட்டில் எப்படி?

இந்த விஷயத்தில் நாமதான் முன்னோடி. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் வந்த 1948-ம் ஆண்டு சென்னை பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். கேரளாவைப் போல இரண்டு மடங்கு! ஆனால் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் தலைவரை அரசு நியமிக்கிறது. அரசு நியமித்தவர் அரசிடமே எவ்வளவு அழுத்திக் கேட்க முடியும்?

வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நேரத்துக்கு ஒப்படைப்பதில்லை என்ற புகார் பழசு. அந்தப் பாக்கி தேங்கினால் புதுப் புத்தகம் வராது, ஓட்டுக் கூரை ஒழுகும், காலிப் பணியிடம் காலியாகவே கிடக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது ரசீதை ஒரு தடவை பாருங்கள். நூலகத்துக்கு நீங்களும் பணம் கொடுக்கிறீர்கள். உங்கள் ஊர் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் சேருங்கள். நூலக வரியாக எவ்வளவு வசூலானது, எவ்வளவு ஒப்படைத்தார்கள் என்று உள்ளாட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பணிக்கரும் 47 நூலகங்களோடுதான் ஆரம்பித்தார்.