எதை முதலில் வெட்டுவது?

ஓர் அட்டையில் பெரிய வட்டம் ஒன்றும், அதன் நடுவே சிறிய வட்டம் ஒன்றும் வரையுங்கள். அதை வளையமாக வெட்டி எடுக்க வேண்டும். எந்த வட்டத்தை முதலில் வெட்டுவீர்கள்? லேசர் கதிரால் உலோகத் தகடுகளை வெட்டும் எந்திரத்திற்கும் இதே கேள்வி எழுகிறது.

லேசர் முதன்முதலில் 1960ஆம் ஆண்டில் இயங்கியது. 1967இல் பிரிட்டனில் லேசர் கதிரையும் ஆக்சிஜனையும் சேர்த்துப் பாய்ச்சி எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினர். வில்லை கதிரை ஒரு புள்ளியில் குவிக்கிறது; அங்கே உலோகம் உருகுகிறது; வேகமாகப் பாயும் வாயு அதைக் கீழே ஊதித் தள்ளுகிறது.

வெளிவிளிம்பை முதலில் வெட்டினால் என்ன ஆகும்? துண்டு தகட்டிலிருந்து விடுபட்டுச் சற்றே நகர்ந்துவிடும். பிறகு போடும் துளை நடுவில் அமையாது. ஆகவே உள்ளே இருப்பது முதலில், வெளிவிளிம்பு கடைசியில் என்பது முதல் விதி.

விடுபட்ட துண்டு சாய்ந்து, அதன் ஒரு முனை மேலே தூக்கிக்கொள்வதும் உண்டு. வெட்டும் தலை அதில் மோதினால் எந்திரம் பழுதாகும். எனவே வெட்டி முடித்த துண்டின் மேலே தலை கடந்து செல்லாதபடி பாதை வகுப்பார்கள். இது இரண்டாம் விதி. ஒரே இடத்தில் அடுத்தடுத்து வெட்டினால் வெப்பம் சேர்ந்து மெல்லிய தகடு நெளியும். அதனால் சற்று விலகி விலகி வெட்டுவது மூன்றாம் விதி.

இவற்றோடு, தலை வீணாக ஓடும் தூரமும் குறைய வேண்டும். உளுந்தூர்பேட்டையிலிருந்து புறப்பட்டு விழுப்புரம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் ஆகிய 4 ஊர்களுக்கும் சென்று திரும்புவதாகக் கொள்வோம். 4×3×2×1 = 24 வரிசைகளில் செல்லலாம். ஊர்கள் 10 என்றால் வரிசைகள் 36,28,800. 20 என்றாலோ, நொடிக்கு 100 கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணிப்பொறிக்கும் 75 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்! ஒரு தகட்டில் நூறு துண்டுகள்கூட இருக்கலாம் அல்லவா?

ஆகவே எல்லா வரிசைகளையும் சோதிக்காமல், ஒரு பாதையை எடுத்துக்கொண்டு திருத்துகிறார்கள். நிலப்படத்தை விரித்து, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், விருத்தாசலம் என்ற வரிசையில் நேர்கோடுகளால் இணையுங்கள். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். கள்ளக்குறிச்சியையும் திருக்கோவிலூரையும் இடம் மாற்றுங்கள். குறுக்கீடு மறையும், தூரமும் குறையும். காரணம் நீங்கள் படித்ததுதான்: முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது. அதனால் நாற்கரத்தின் மூலைவிட்டங்களின் கூடுதல், எதிரெதிர்ப் பக்கங்களின் கூடுதலைவிடப் பெரிதாகிறது.

ஆனால் மிகக் குறுகிய பாதை எப்போதும் மிகச் சிறந்த பாதை ஆகிவிடாது. குறுக்கு வழி, சாய்ந்து நிற்கும் துண்டின் மேலே சென்றால் மிச்சமான சில நொடிகளால் என்ன பயன்? துண்டு அசையாமல், தகடு நெளியாமல், தலை மோதாமல் இருக்கும் பாதைகளுள் குறுகியதைத் தேடுவதே சரியான திட்டம்.

இனி அந்த அட்டையை எடுங்கள். இரு வரிசைகளிலும் ஒவ்வொரு வளையம் வெட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.