தென்னையை வெட்டாமலே சோலார் போடலாம்

எங்கள் தோட்டத்து சோலார் மோட்டாரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் மானியத்தையும்தான் விசாரிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேறொன்று கேட்டார். “ஏனுங்க மேனேஜரய்யா, பேனல் மாட்ட வந்த பையன் கெழக்கு வரப்புத் தென்னை ரெண்டையும் வெட்டச் சொல்றானுங்க. அத்தாப் பெரிய பேனல்ல மட்டை நெழலு ஒரு கையகலம் விழுந்தா என்னாயிருமுங்க?”

காய்ப்பில் இருக்கிற மரங்கள். அவருடைய அப்பா வைத்தவை. சும்மா ‘வெட்டுங்க’, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட முடியாது. பேனலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும்.

பேனலில் நீல நிறத்திலோ கருப்பாகவோ கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது ஒவ்வொன்றும் ஒரு செல். மணலிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த சிலிக்கனை மெல்லிய வில்லையாக அறுத்துச் செய்கிறார்கள். சிலிக்கன் அணுவின் வெளிச்சுற்றில் நான்கு எலக்ட்ரான்கள். நான்கும் பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்பதால் சும்மா நகராது. வில்லையின் ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸ் சேர்ப்பார்கள். அதற்கு ஐந்து எலக்ட்ரான், ஒன்று உபரி. மறுபக்கம் போரான்; அதற்கு மூன்றுதான், ஒரு இடம் காலி. எங்கள் பழைய தொழிலில் சொன்னால் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று. இரண்டும் சேரும் எல்லையில் ஒரு மின்புலம் தானாகவே உண்டாகிவிடுகிறது. அது எலக்ட்ரானை ஒரே திசையில் மட்டும் தள்ளும். வயலில் தண்ணீர் தாழ்வான பக்கம் ஓடுகிற மாதிரி.

வெளிச்சம் பட்டதும் ஒரு எலக்ட்ரான் பிடி விட்டுக் கிளம்புகிறது. எல்லையில் உள்ள மின்புலம் அதை மேல்பக்கம் தள்ள, அங்கே இருக்கும் வெள்ளிக் கம்பி வழியாக வெளியேறி, மோட்டாரை ஓட்டிவிட்டு, அடிப்பக்கமாகத் திரும்பி வந்து காலி இடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. எதுவும் எரிவதில்லை, சுற்றுவதில்லை, தீர்ந்து போவதுமில்லை. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்து காட்டிய சிலிக்கன் செல், பட்ட வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

மீதி என்னாகிறது? ஒளி சில்லறையாக வருகிறது. பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்து ரூபாய்க் காசை நீட்டினால் டிக்கெட் இல்லை. ஐம்பதை நீட்டினாலும் ஒரே டிக்கெட்தான்; பாக்கி நாற்பது சூடாகப் போய்விடும். (இலையை நினைத்து வருத்தப்பட வேண்டாம். பயிர் சேமிப்பது ஒன்றிரண்டு சதவீதம்தான் என்றாலும், இலை தன்னைத்தானே செய்து கொள்கிறது. பேனல் செய்ய ஃபேக்டரி வேண்டும்.)

இந்தச் சூட்டைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு, வெயில் கொளுத்தினால் கரண்ட் கூடும் என்று. வேலை செய்வது வெளிச்சம், வெக்கை அல்ல. செல் சூடாகச் சூடாக வோல்ட் குறையும். பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு. சித்திரை நடுப்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் எட்டில் ஒரு பங்கு போச்சு. ஆகவே பேனலுக்கு அடியில் காற்றுப் போக இடம் விட வேண்டும்.

இப்போது தென்னை. ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். ஆகவே செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது அல்லவா? நிழல் விழுந்த செல்லும் அப்படித்தான் வரிசை முழுவதையும் மறிக்கும், தானும் சூடாகி வெந்து போகும். இதைத் தடுக்க வழக்கமாக ஒரு பேனலுக்கு மூன்று டயோடு வைத்து மாற்றுவழி விடுகிறார்கள். அப்போதும் கையகல நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு நின்றுவிடும். மாட்ட வந்த பையன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. வெட்டச் சொன்னதில்தான் இல்லை.

அண்ணனும் நானும் நிழலைக் கணக்குப் போட்டோம். மரம் நாற்பது அடி. நம் பகுதியில் மார்கழிக் காலை ஒன்பது மணிக்கு நிழல் மரத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்டு வடமேற்கே விழும். ஆனியில் அதே நேரம் தென்மேற்காக, உயரத்தை விடச் சற்றுக் கூடுதலாக. வரப்பிலிருந்து எண்பது அடி மேற்கே தள்ளிப் போட்டால் ஒன்பது மணிக்கு மேல் வருசம் முழுக்க நிழல் தொடாது. அதற்கு முந்திய இளவெயிலில் மோட்டார் பெரிதாக இறைக்கப் போவதுமில்லை. கூடுதல் செலவு கேபிள் மட்டும்தான்.

“அப்ப மரம் இருக்கட்டுமுங்க” என்றார். சொல்லி அனுப்பியது இன்னும் ஒன்று: தூசியும் எச்சமும் கூட நிழல்தான். அதிகாலையில் கழுவுங்கள், கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்புத் தண்ணீர் போர் என்றால் வெள்ளையாகப் படியும், துணியால் துடைத்து விடுங்கள்.