ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறீர்கள்?

நீரிழிவுள்ள சிலரின் மேல்கையின் பின்புறம், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். அதன் அடியிலுள்ள மெல்லிய இழை தோலுக்குள் 14 நாள் தங்கி, அங்குள்ள திரவத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்று அளந்தபடி இருக்கும். 2014இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் இப்படிப்பட்டதுதான். ஆனால் நாமாக ரீடர் என்ற கையடக்கக் கருவியையோ போனையோ அருகில் கொண்டுபோனால்தான் அது கணக்குச் சொல்லும். அதன் நினைவும் எட்டு மணி நேரம்தான். இரவு பத்து மணிக்குப் பார்த்தவர் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் அடுத்துப் பார்க்கிறார் என்றால், நள்ளிரவு இரண்டு மணி வரைக்குமான கணக்கு போயே போய்விட்டது. அந்த நேரத்தில் சர்க்கரை தாழ்ந்ததா என்பது அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

சென்சாரை ஒட்டிக்கொண்டால் மட்டும் சர்க்கரை கட்டுப்படாது, அடிக்கடி பார்க்கவும் வேண்டும் என்கிறேன். 2014 முதல் 2016 வரை ஐரோப்பாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரீடர்களில் சேர்ந்த பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சராசரியாக ஒருவர் நாளுக்கு 16 தடவை பார்த்திருக்கிறார். நாலைந்து தடவையோடு நிறுத்தியவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி சுமார் 8 என்று கணக்கானது. மிக அதிகமாகப் பார்த்தவர்களுக்கு 6.7. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் தாழ்சர்க்கரை மயக்கம் கூடும் என்பது 1993இல் வெளியான டிசிசிடி என்ற நீரிழிவு ஆய்விலிருந்தே தெரிந்த கவலை. இங்கேயோ, அடிக்கடி பார்த்தவர்களுக்குச் சராசரியும் இறங்கியது, சர்க்கரை அளவு 45க்குக் கீழே போன நேரமும் ஏறக்குறையப் பாதியானது. காரணம் திரையிலேயே இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி தெரியும். 110 என்று காட்டி அம்பு நேராகக் கீழே பார்த்தால், நிமிடத்துக்கு 2க்கு மேல் இறங்குகிறது என்று அர்த்தம். இருபது நிமிடத்தில் 70க்கு வந்துவிடலாம். வண்டிச் சாவியை எடுக்கும் முன் அதைப் பார்த்தவர் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்.

இயல்பிலேயே அக்கறையுள்ளவர்கள்தானே அடிக்கடி பார்ப்பார்கள், அதனால் வந்த பலனாக இருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இந்தப் பதிவுகள் மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. ஆனால் 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், டைப் 1 நீரிழிவுள்ள 156 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 24 வாரத்தில் சென்சார் பிரிவில் ஹெச்பிஏ1சி 8.7இலிருந்து 7.9 ஆனது; விரலில் குத்திப் பார்த்தவர்களிடம் 8.5இலிருந்து 8.3தான். அக்கறை இரு பிரிவிலும் கலந்தே இருந்திருக்கும். இன்னொரு ஆட்சேபத்தை ஒப்புக்கொள்கிறேன்: இன்சுலின் போடாத டைப் 2காரர்கள் விரலில் குத்திப் பார்ப்பதால் பெரிய மாற்றம் இல்லை என்று 453 பேரிடம் நடந்த 2007 பிரிட்டன் ஆய்வு காட்டியது. பார்த்த எண்ணை வைத்துச் செய்ய எதுவும் இல்லையென்றால் பார்த்துப் பயனில்லை. பதற்றத்தில் ஒரு இன்சுலின் ஊசி வேலை செய்து முடிக்கும் முன்பே இன்னொன்றைப் போடுவது ஆபத்தும்கூட.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுந்ததும், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்பும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், வண்டி எடுக்கும் முன்பும், படுக்கும் முன்பும் பாருங்கள். நீங்களே ஸ்கேன் செய்ய வேண்டிய சென்சார் என்றால், இரண்டு ஸ்கேனுக்கு நடுவே எட்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.